சியாட்டில்லேர்ந்து அரிசோனாவுக்கு குளிர்காலத்துல ட்ரெய்லர் இழுத்துட்டுப் போறீங்களா? கிளம்புறதுக்கு முன்னாடி இத படிச்சிடுங்க

போன டிசம்பர் கடைசில சியாட்டில் பக்கத்துல இருக்கிற பாத்தல்லேர்ந்து ஃபீனிக்ஸ் பக்கத்துல இருக்கிற சாண்ட்லருக்கு கிளம்பினோம். மச்சான் வீடு அங்க இருக்கு, பசங்களுக்கு லீவு, ரெண்டு மாசம் முன்னாடிதான் 26 அடி ட்ரெய்லர் ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல வாங்கியிருந்தேன், சரி இதுலயே போயிடலாம்னு. மேப்ஸ்ல 22 மணி நேரம்னு காட்டுச்சு. அத ரெண்டால வகுத்து, நடுவுல ஒரு நைட் தூங்கிட்டு மூணாவது நாள் மச்சான் வீட்ல பிரியாணின்னு கணக்கு போட்டேன். போய்ச் சேர்ந்தது ஒம்பதாவது நாள். அதுல மூணு நாள் வண்டி நகரவே இல்ல.

யாரும் சொல்லித்தரல, சொன்ன ஒரு ஆளும் தப்பா சொன்னாரு. அதனால நீங்களாவது ஒழுங்கா போங்கன்னு எழுதுறேன். பிக்கப் ட்ரக்ல ட்ரெய்லர் மாட்டி முதல் தடவையா விண்டர்ல கிளம்புறவங்களுக்கு இது. மோட்டார்ஹோம்காரங்களுக்கு பாதி பொருந்தும்.

1. ரூட்டு அப்புறம், மொதல்ல எடை

ட்ரெய்லர் வித்த எடத்துல "உங்க ட்ரக் 11,000 பவுண்டு இழுக்கும், ட்ரெய்லர் 7,000தான், கவலையே படாதீங்க"ன்னாங்க. இது அரை உண்மை. இழுக்கிற சக்தி வேற, தாங்குற சக்தி வேற. டிரைவர் பக்கத்து கதவத் திறந்தா தூண்ல ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் இருக்கும், ஆளுங்களும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல போகக்கூடாதுன்னு போட்டிருக்கும். அதான் பேலோட். என்னோடதுல 1,520.

இப்ப என் கணக்கப் பாருங்க. நாங்க நாலு பேர், ஜாக்கெட் பூட்ஸோட 520. ட்ரக் பின்னாடி சாமான் ஏத்தற தொட்டில, அதான் பெட்ல, ஜெனரேட்டர், டூல்ஸ், செயின், தண்ணி கேன், அரிசி மூட்டை, வீட்டம்மா விடாம ஏத்தின கிரைண்டர், எல்லாம் 310. ட்ரெய்லர ட்ரக்கோட மாட்டற ஹிட்ச் மட்டும் 90. ட்ரெய்லரோட மூக்கு ட்ரக் மேல அழுத்துற எடை, அதாவது டங் வெயிட், மொத்த எடைல 10லேர்ந்து 15 சதவீதம் இருக்கணும், கம்மியா இருந்தா ட்ரெய்லர் வால் ஆட்டும். 6,600 பவுண்டு ட்ரெய்லர்ல 13 சதவீதம் போட்டா 860. கூட்டினா 1,780. ஸ்டிக்கர விட 260 பவுண்டு அதிகம். பிரோஷர்ல டங் வெயிட் 610னு இருந்ததே, அது காலி ட்ரெய்லருக்கு, பேட்டரியும் கேஸ் சிலிண்டரும்கூட இல்லாத எடை, அத நம்பாதீங்க.

பெட்ல இருந்த சாமானெல்லாம் ட்ரெய்லருக்குள்ள, ஆக்ஸிலுக்கு நேரா மேல மாத்தினேன். டங் ஒரு 40 பவுண்டு ஏறுச்சு, ஆனா ட்ரக் மேலேர்ந்து 310 எறங்குச்சு, 1,510க்குள்ள வந்தது. ட்ரெய்லரும் 7,000 லிமிட்டத் தாண்டல, நூலிழைதான். கிரைண்டர் வீட்டுக்கே திரும்பிடுச்சு, அந்தப் பேச்சு வேணாம்.

இதெல்லாம் குத்துமதிப்பா போடாதீங்க. ட்ரக் ஸ்டாப்ல கேட் ஸ்கேல்னு (CAT Scale) எடை மேடை இருக்கும், சுமார் 15 டாலர், ஆப்லயே பே பண்ணலாம். ஒரு தடவ ட்ரெய்லரோட ஏறுங்க, கழட்டி வெச்சிட்டு ட்ரக்க மட்டும் ஒரு தடவ ஏத்துங்க, 24 மணி நேரத்துக்குள்ள மறுபடி எடை போட்டா ரேட் ரொம்ப கம்மி. குடும்பத்த உள்ள உக்கார வெச்சே எடை போடுங்க.

மூக்கு எடைய ட்ரக் முன் சக்கரத்துக்கும் பிரிச்சுக் கொடுக்கிற வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் கட்டாயம். ஆனா ஒரு விஷயம், ட்ரெய்லர் வால் ஆட்டாம புடிக்கிற ஸ்வே கன்ட்ரோல் பார் உரசல்ல வேலை செய்ற டைப்பா இருந்தா பனி ரோட்ல அத லூஸ் பண்ணச் சொல்லி நிறைய மேனுவல்ல இருக்கு, வழுக்குற ரோட்ல அது ட்ரக்க நேரா தள்ளிடும். உங்க மேனுவல எடுத்துப் படிங்க. நான் படிச்சது நடு வழில, ஆரிகன்ல பென்டில்டன்ங்கற ஊர்ல மாட்டிக்கிட்ட ரெண்டாவது நாள்தான்.

2. பேப்பர்

ஒரு பிளாஸ்டிக் ஃபோல்டர்ல எல்லாத்தையும் போட்டு ட்ரக்லயே வெச்சிடுங்க, ட்ரெய்லர்ல வெச்சா போலீஸ் கேக்கும்போது எறங்கி ஓடணும்.

ட்ரக் ரெஜிஸ்ட்ரேஷன், ட்ரெய்லர் ரெஜிஸ்ட்ரேஷன் ரெண்டும் தனித்தனி. ட்ரெய்லர் டேப் (நம்பர் பிளேட்ல ஒட்டற வருஷ ஸ்டிக்கர்) எக்ஸ்பைர் ஆகுதான்னு பாருங்க, செகண்ட் ஹேண்ட்ல வாங்கினா பழைய ஓனர் கட்டினது எப்ப முடியுதுன்னே நமக்குத் தெரியாது.

இன்சூரன்ஸ்லதான் நம்மாளுங்க கோட்டை விடுறது. ட்ரக் பாலிசில லையபிலிட்டி பொதுவா ட்ரெய்லருக்கும் நீளும், அதாவது ட்ரெய்லர் அடுத்தவன் வண்டில இடிச்சா அவனுக்கு காசு போகும். நம்ம ட்ரெய்லர் நசுங்கினா ஒரு பைசா வராது. அதுக்கு ட்ரெய்லருக்குத் தனி பாலிசி, காம்ப்ரிஹென்சிவும் கொலிஷனும் சேர்த்து வாங்கணும். வாடகை ட்ரெய்லர்னா காண்ட்ராக்ட்ல செயின் போடலாமா, எந்த ஸ்டேட்டுக்குப் போகலாம்னு ஒரு வரி ஒளிஞ்சிருக்கும், தேடுங்க.

ரோட்சைட் அசிஸ்டன்ஸ் இன்னொண்ணு. ஏஏஏ கார்டு இருக்கேன்னு நானும் நெனச்சேன். சாதா மெம்பர்ஷிப்ல ட்ரக்க இழுப்பாங்க, ட்ரெய்லர தொட மாட்டாங்க. ஆர்வி (ட்ரெய்லர், மோட்டார்ஹோம்) கவரேஜ் தனியா சேர்க்கணும், சேர்த்தவுடனே வேலை செய்யாது, சில நாள் ஆகும், அதனால கிளம்புற அன்னிக்கு காலைல வாங்கி பிரயோஜனம் இல்ல. நெவாடா நடுவுல இழுவை வண்டி நூறு மைல் தள்ளியிருந்து வரணும், கைக்காசுன்னா தாங்காது.

எச்-1பி, எச்-4ல இருக்கறவங்க ஐ-94 பிரிண்ட் அவுட் கைல வெச்சுக்கங்க, 18 வயசுக்கு மேல கூடவே வெச்சிருக்கணும்னு சட்டமே இருக்கு, கிரீன் கார்டுன்னா கார்டு. நான் சொல்ற ரூட்ல செக்பாயின்ட் ஒண்ணும் பாக்கல, ஆனா அங்கேர்ந்து யூமா பக்கம் ஊர் சுத்தப் போனீங்கன்னா ஐ-8ல பார்டர் பேட்ரோல் நிறுத்தி கேப்பாங்க.

லைசென்ஸ் சாதா லைசென்ஸே போதும், இந்த சைஸ் ட்ரெய்லருக்கு.

3. ரூட்டு போடுறது

மூணு வழி இருக்கு.

முதல் வழி நாங்க போனது: ஐ-90ல ஸ்னோக்வால்மி பாஸ் (மலைக் கணவாய், 3,022 அடி) ஏறி எலன்ஸ்பர்க், ஐ-82ல யாக்கிமா, அப்புறம் ஐ-84 புடிச்சு பென்டில்டன், லா கிராண்ட், பேக்கர் சிட்டி, பாய்சி, ட்வின் ஃபால்ஸ். அங்க இன்டர்ஸ்டேட்ட விட்டுட்டு யூஎஸ்-93ல தெற்க எறங்கணும், ஜாக்பாட், வெல்ஸ், ஈலி, லாஸ் வேகஸ், கிங்மேன், விக்கன்பர்க், ஃபீனிக்ஸ். சுமார் 1,430 மைல்.

ரெண்டாவது, பாய்சிக்கு முன்னாடியே திரும்பி யூஎஸ்-95ல வின்னமக்கா, ஃபேலன், டோனபா, பீட்டி வழியா வேகஸ். கொஞ்சம் சுத்து. ஈலி பக்கம் புயல்னா இது கைகொடுக்கும்.

மூணாவது ஐ-5லயே கலிஃபோர்னியாவுக்குப் போயி, பேக்கர்ஸ்ஃபீல்ட்ல திரும்பி டெஹாச்சப்பி, பார்ஸ்டோ. நூறு மைலுக்கு மேல கூட ஆகும், பெட்ரோல் விலை எகிறும், ட்ரெய்லர் இழுத்தா கலிஃபோர்னியால ஸ்பீடு லிமிட் 55தான். ஆனா பெரிய பனிமலைன்னு பாத்தா ஆரிகன் பார்டர்ல சிஸ்கியூ சம்மிட் (4,310 அடி) ஒண்ணுதான், ரோட்டோரம் ஊரு வந்துக்கிட்டே இருக்கும். உண்மையச் சொன்னா முதல் தடவ போறவங்களுக்கு நான் இதத்தான் சொல்வேன். நூறு மைல மிச்சம் புடிக்கப் போயி நான் மூணு நாள விட்டேன். அந்த வழில போனா பார்டர் ஸ்டேஷன்ல பழம், செடி இருக்கான்னு கேப்பாங்க, மச்சானுக்குன்னு கறிவேப்பிலைச் செடி தூக்கிட்டுப் போகாதீங்க, ஆரஞ்சுத் தோட்டத்துக்கு நோய் பரப்புற பூச்சி அதுலயும் தங்கும், புடுங்கி வெச்சிடுவாங்க.

முதல் வழிதான்னு முடிவு பண்ணிட்டீங்கன்னா மாட்டற எடங்களத் தெரிஞ்சுக்கங்க.

ஸ்னோக்வால்மில பனிச்சரிவு கட்டுப்பாட்டுக்குன்னு ரோட்ட மூடுவாங்க, பெரும்பாலும் சில மணி நேரம்தான். பென்டில்டன் தாண்டினதும் கேபேஜ் ஹில்னு ஒரு ஏத்தம், 6 சதவீதம், கொண்டை ஊசி மாதிரி வளைவு, மேல ப்ளூ மவுன்டன்ஸ்ல 4,193 அடி வரைக்கும் போகும். லா கிராண்ட் தாண்டினா லாட் கேன்யன், அங்க பனிய விட காத்து. ட்ரெய்லர்னா நாம உயரமான வண்டி கணக்கு, கார விட்டுட்டு நம்மள நிறுத்துவாங்க. பென்டில்டன் டு பேக்கர் சிட்டி ஒரு சீசன்ல பல தடவ மூடுற ரோடு. இதுல ஒரு கூத்து, பிரச்சனை லா கிராண்டுக்கு அப்பால இருந்தாலும் பென்டில்டன்லயே நிறுத்திடுவாங்க, ஏன்னா லா கிராண்ட்ல ட்ரக் நிறுத்த எடம் ரொம்பிடும். அதனால பென்டில்டன் வானம் பளிச்சுன்னு இருக்கேன்னு கோவப்படாதீங்க. நான் பட்டேன்.

அப்பதான் பெரிய தப்பு பண்ணேன். ஐ-84 மூடியிருக்குன்னு தெரிஞ்சதும் ஃபோன் வேற ஒரு ரோடு காட்டுச்சு, வெறும் ஒண்ணே முக்கால் மணி நேரம் கூட. திரும்பிட்டேன். இருபது மைல் நல்லா இருந்துச்சு, அப்புறம் நடுக்கோடு காணோம், அப்புறம் ரோட்டோர வேலியும் காணோம், எதிர்ல வந்த ஒரு பண்ணைக்கார பெரியவர் ஜன்னல எறக்கி, "இந்த டப்பாவோட எங்கய்யா போற?"ன்னு கேட்டாரு. மேல ரோட்ல பனி தள்ளவே இல்லையாம். அந்த மனுஷன்தான் அவரு பண்ணை கேட்டத் திறந்து விட்டு, கையாட்டி கையாட்டி முக்கால் மணி நேரத்துல என்ன திருப்பி விட்டாரு. ஸ்டியரிங்க புடிச்சிருந்த கை அன்னிக்கு ராத்திரி வரைக்கும் விரியல. இன்டர்ஸ்டேட்ட மூடினா பக்கத்து ரோடும் மூடின மாதிரிதான், ஊர்ல ரூம் போட்டு உக்காருங்க.

யூஎஸ்-93ல ஈலி 6,437 அடில இருக்கு. அதுக்குத் தெக்க 93லயே போனா கானர்ஸ் பாஸ் 7,729 அடி. இன்னொண்ணு யூஎஸ்-6ல கொஞ்ச தூரம் போயி நெவாடா 318ல லண்ட் வழியா எறங்கறது. லாரிக்காரங்க நிறைய பேர் 318லதான் போறாங்க. அதுக்கும் ஈலிய விட்டதும் மரி சம்மிட் 7,317 அடி ஒண்ணு ஏறித்தான் ஆகணும், ஆனா அதத் தாண்டிட்டா மீதி ரோடு தட்டையா கிடக்கும். நாங்க 318லதான் போனோம், ஈலில ஒரு நாள் காத்திருந்து, வெயில் வந்தப்புறம்.

ரோடு நிலவரம்: வாஷிங்டனுக்கு டபிள்யூஎஸ்டாட் பாஸ் ரிப்போர்ட், ஆரிகனுக்கு ட்ரிப்செக், ஐடஹோ, நெவாடா, அரிசோனாவுக்கு அந்தந்த ஸ்டேட்டோட 511. ட்ரிப்செக்ல கேமரா படம் பாக்கலாம், எழுதியிருக்கறத விட படத்த நம்புங்க, பக்கத்துல எடுத்த நேரமும் இருக்கும்.

4. ஒரு நாளைக்கு எவ்ளோ

டிசம்பர்ல பகல் ஒம்பது மணி நேரம்தான். காலைல ரோட்ல உறைஞ்சிருக்கறது இளக 10 மணி ஆகும், சாயங்காலம் 4 மணிக்கு மேல மறுபடி உறைய ஆரம்பிக்கும். அப்ப நமக்கு ஆறு மணி நேரம். சராசரி 50 மைல்னு வெச்சா 300. அதுக்கு மேல பிளானே போடாதீங்க.

இப்படி பிரிங்க: பாத்தல் டு பென்டில்டன் 280, பென்டில்டன் டு பாய்சி 220, பாய்சி டு வெல்ஸ் 245, வெல்ஸ் டு ஈலி 138, ஈலி டு வேகஸ் 240, வேகஸ் டு சாண்ட்லர் 310. கடைசி நாள்ல பனி இல்ல, அதனால கொஞ்சம் நீட்டலாம். நாலாவது நாள் வேணும்னேதான் குட்டியா வெச்சிருக்கு, ஈலிக்கு மத்தியானமே போயி ரெஸ்ட் எடுத்துட்டு மறுநாள் பெரிய பாஸ். இது ஆறு நாள். கூட ரெண்டு நாளாவது சும்மா வெச்சுக்கங்க, ஆபீஸ்ல லீவும் அப்படியே சொல்லுங்க. திங்கக்கிழமை மீட்டிங் இருக்குன்னு மலை ஏறினவங்கதான் பள்ளத்துல கிடக்காங்க, ரெண்டு ட்ரெய்லர் பாத்தேன்.

டைம் ஜோன் குழப்பம் ஒண்ணு இருக்கு. ஆரிகன் கிழக்கு ஓரத்துல மவுன்டன் டைம் ஆகிடும், ஐடஹோல அதே, நெவாடாவுக்குள்ள போனா பசிஃபிக், ஆனா பார்டர்ல இருக்கிற ஜாக்பாட் மட்டும் ஐடஹோ டைம்லயே ஓடும், அரிசோனா மறுபடி மவுன்டன். பாய்சில ஆர்வி பார்க் ஆபீஸ் 5 மணிக்கு மூடும்னாங்க, 4:10க்குத்தான் போய்ச் சேர்ந்தோம்னு நெனச்சேன், அங்க மணி 5:10.

ஆர்வி பார்க் புக் பண்றப்ப மூணு கேள்வி கேளுங்க: விண்டர்ல திறந்திருக்கா, தண்ணி லைன் ஆன்ல இருக்கா, கேன்சல் பண்ணா காசு வருமா. ஸ்டேட் பார்க் பல எடத்துல திறந்திருக்கும், ஆனா குழாய மூடியிருப்பாங்க. 24 மணி நேரம் முன்னாடி வரைக்கும் கேன்சல் பண்ணலாம்ங்கற எடமா பாத்துப் போடுங்க, இந்த ரூட்ல எந்த புக்கிங்கும் சொன்ன தேதில நடக்காது.

5. செயின்

"ட்ரக் ஃபோர் வீல் டிரைவ், எனக்கெதுக்கு செயின்"னு நினைக்காதீங்க. வாஷிங்டன்ல வண்டியும் ட்ரெய்லரும் சேர்ந்து 10,000 பவுண்டு ரேட்டிங்க தாண்டினா நவம்பர் 1 டு ஏப்ரல் 1 இந்த மலை ரோடுகள்ல செயின் கைல இருந்தே ஆகணும், வெயில் அடிச்சாலும். ஆரிகன் போர்டுல இழுத்துட்டுப் போற வண்டின்னு தனியாவே போட்டிருக்கும், மத்த கார்களுக்கு ஸ்னோ டயர் போதும்ங்கறப்பவே நமக்கு செயின் வந்துடும். கலிஃபோர்னியால பிரேக் இருக்கிற ட்ரெய்லருக்கும் ஒரு ஆக்ஸில்ல போடணும். அதனால ட்ரக்குக்கு ஒரு ஜோடி, ட்ரெய்லர் சைஸுக்கு ஒரு ஜோடி வாங்கிடுங்க. ட்ரெய்லர்ல ரெண்டு டயருக்கு நடுவுல சந்து கம்மி, தடி செயின் உள்ள போகாது, அளந்து வாங்குங்க.

வீட்டு டிரைவ்வேல ரெண்டு தடவ போட்டுப் பாருங்க. க்ளவுஸ் போட்டுட்டே. ரோட்டோரத்துல லாரி போற காத்துல முட்டி போட்டு, சகதில கை விட்டு, கொக்கி எந்தப் பக்கம்னு யூட்யூப் பாத்துக்கிட்டிருந்தா விரல் மரத்துடும். முழங்காலுக்கு ஒரு பழைய யோகா மேட், நெத்தில கட்ற லைட், ரப்பர் க்ளவுஸ் எல்லாத்தையும் செயின் பைலயே போட்டுடுங்க. செயின் போட்டா 30 மைல் ஸ்பீடுதான், பாஸ் தாண்டினதும் கழட்டணும்.

6. பெட்ரோல், சிக்னல்

எங்களுக்கு ட்ரெய்லரோட 9 மைலேஜ் வந்தது, எதிர்க்காத்துல 7. பாதி டேங்க் ஆனா நிரப்புங்க. ட்வின் ஃபால்ஸ்ல, வெல்ஸ்ல, ஈலில நிரப்பாம நகராதீங்க. வெல்ஸ் டு ஈலி 138 மைல், நடுவுல மேப்ல ஊர் பேரு இருக்கும், பங்க் இருக்கும்னு நம்பாதீங்க. டீசல் வண்டின்னா மலைக்கு மேல உள்ளூர் பங்க்ல விண்டர் டீசல் போடுங்க, கீழேர்ந்து கொண்டு போற டீசல் குளிர்ல மெழுகு மாதிரி ஆகிடும்.

சிக்னல் மணிக்கணக்குல இருக்காது. மேப்ப டவுன்லோட் பண்ணிக்கங்க, பேப்பர் அட்லஸ் ஒண்ணு வாங்கிக்கங்க, அன்னிக்கு எங்க தங்கப் போறோம்னு யாருக்காவது மெசேஜ் போட்டுட்டுக் கிளம்புங்க.

7. தண்ணி, கேஸ், பேட்டரி

ஓடும்போது தண்ணி டேங்க், பைப் எல்லாம் காலியா இருக்கணும். வாட்டர் ஹீட்டர பைபாஸ்ல போட்டு, பிங்க் கலர் ஆர்வி ஆன்டிஃப்ரீஸ் ரெண்டு மூணு கேலன் பைப்ல ஓட்டிடுங்க, கார்ல ஊத்துற பச்சை ஆன்டிஃப்ரீஸ் விஷம், அது இல்ல. டாய்லெட்டுக்கும் அதே பிங்க் தண்ணிதான். குடிக்க, சமைக்க கேன் தண்ணி, அத ட்ரக்குள்ள வெச்சுக்கங்க. குளிக்கறது? ட்ரக் ஸ்டாப் ஷவர், காசு கொடுத்தா சுத்தமா வெந்நீர் வரும், டவலும் தருவாங்க.

கேஸ் கணக்கு யாருமே சொல்றதில்ல. 20 பவுண்டு சிலிண்டர்ல சுமார் 4,30,000 பிடியூ (வெப்ப அளவு). ட்ரெய்லர சூடாக்கற ஃபர்னஸ் மணிக்கு 30,000 தின்னும். நிக்காம ஓடினா 14 மணி நேரம், அவ்ளோதான். நல்ல குளிர்ல ஒரு ராத்திரிக்கு ஒரு சிலிண்டர்னு வெச்சுக்கங்க.

வெல்ஸ்ல ராத்திரி மூணு மணிக்கு முழிப்பு வந்துச்சு. ஃபர்னஸ் ஃபேன் ஓடுது, டிக் டிக் டிக்னு மூணு தடவ சத்தம், அப்புறம் குளிர்ந்த காத்து, நின்னுடுச்சு. திரும்பவும் டிக் டிக் டிக். அடுப்பு மேல வெச்ச தேங்கா எண்ணெய் கல்லாட்டம் இருந்துச்சு, ஜன்னல் உள்பக்கம் ஐஸ். ரெண்டு சிலிண்டர் இருக்கே, ஒண்ணு தீர்ந்தா தானா அடுத்ததுக்கு மாறும்னுதான சொன்னாங்க? மாறும், அடுத்த சிலிண்டர் வால்வு திறந்திருந்தா. நான் அத திறக்கவே இல்ல. கம்பளியப் போத்திக்கிட்டு வெளில போயி வால்வு திருப்பினேன், ரெண்டு நிமிஷ வேலை, ஆனா அது என்னன்னு கண்டுபுடிக்க முக்கால் மணி நேரம். ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு வால்வும் திறந்திருக்கான்னு பாத்துட்டுப் படுங்க. கார்பன் மோனாக்சைட் அலாரம் தேதி முடியாம இருக்கணும், அடுப்ப எரியவிட்டு குளிர் காயாதீங்க.

கேஸ் ஃபர்னஸுக்கும் ஃபேன் ஓட கரன்ட் வேணும், 7 ஆம்ப் கிட்ட. சாதா 100 ஏஎச் பேட்டரில பாதிதான் உபயோகிக்கலாம், கரன்ட் கனெக்ஷன் இல்லாம ஒரு ராத்திரி தாண்டறதே கஷ்டம். லித்தியம் பேட்டரின்னா 32 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு கீழ சார்ஜ் ஏத்தக்கூடாது. அதனால இந்த ரூட்ல எல்லா ராத்திரியும் கரன்ட் இருக்கிற எடமாவே புக் பண்ணுங்க, காசு மிச்சம் புடிக்கிற எடம் இது இல்ல.

ஸ்லைட் அவுட்ட (பக்கவாட்டுல வெளில நீளற பகுதி) உள்ள இழுக்கறதுக்கு முன்னாடி மேல ஐஸ் இருக்கான்னு பாத்து தட்டி விடுங்க. ஜாக்குக்கு அடில பலகை போடுங்க, இல்லன்னா காலைல தரையோட ஒட்டிக்கும்.

8. ரோட்ல

குரூஸ் கன்ட்ரோல தொடாதீங்க. பனி ரோட்ல ட்ரெய்லர் பிரேக் கெயின (பிரேக் எவ்ளோ அழுத்தமா புடிக்கணும்ங்கற செட்டிங்) குறைச்சு வைங்க, இல்லன்னா சக்கரம் லாக் ஆகி பின்னாடி பக்கவாட்டுல வரும். ட்ரெய்லர் ஆடினா ட்ரக் பிரேக்க மிதிக்காம, ஆக்சிலரேட்டர்லேர்ந்து கால எடுத்து, பிரேக் கன்ட்ரோலர்ல இருக்கிற கை லீவர மெதுவா அமுக்கி ட்ரெய்லர மட்டும் பிரேக் போடுங்க. காலி பார்க்கிங் லாட்ல ஒரு தடவ பழகுங்க. எறக்கத்துல உச்சிலயே கியர எறக்கிடுங்க.

டயர் காத்து குளிர் ஏற ஏற ஒவ்வொரு 10 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கும் சுமார் 1 பிஎஸ்ஐ எறங்கும், தினம் காலைல பாருங்க. ட்ரெய்லர் டயர்ல நாலு இலக்கத்துல செஞ்ச வாரமும் வருஷமும் இருக்கும், ஆறேழு வருஷம் ஆயிருந்தா பட்டன் நல்லா இருந்தாலும் மாத்திடுங்க. ட்ரெய்லருக்கு கரன்ட் போற ஏழு பின் பிளக்ல உப்புத்தண்ணி உறைஞ்சு லைட் போயிடும், பிளக்ல டைஎலக்ட்ரிக் கிரீஸ் தடவி வைங்க. வேகஸ் போனதும் அடிப்பக்கம் முழுக்க தண்ணி அடிச்சு கழுவுங்க.

9. செலவு

எங்களுக்கு ஆனது, போறதுக்கு மட்டும்: பெட்ரோல் 610 டாலர். ஆர்வி பார்க் ஆறு ராத்திரி 340. பென்டில்டன்ல ரெண்டு நாள் மோட்டல் 210. ரெண்டு ஜோடி செயின் 230. கேஸ் 95. எடை மேடை, ஷவர், ஆன்டிஃப்ரீஸ், ஃப்யூஸ், இத்யாதி 120. மொத்தம் 1,605. ஹிட்ச், இன்சூரன்ஸ், ஆர்வி ரோட்சைட் இதுல இல்ல. நாலு பேர் ஃபிளைட்ல போயிருந்தா இதவிடக் கம்மின்னு மச்சான் மூணு தடவ சொல்லிட்டாரு, நாலாவது தடவ சொல்ல வேணாம்னு கேட்டுக்கிட்டேன். கைல ஒரு 800 டாலர் தனியா வெச்சுக்கங்க, ஒரு டயர் வெடிச்சா போதும்.

10. திரும்பி வர்றது

போறதுக்கு போடுற பிளான்ல பாதியாவது வர்றதுக்கும் போடுங்க. போறப்ப ஏத்தமா இருந்த கேபேஜ் ஹில் வர்றப்ப எறக்கம், அந்த வளைவுல ஐஸோட 7,000 பவுண்டு பின்னாடி தள்ளும். ஜனவரி முதல் வாரம் முன்னறிவிப்பு பாத்தேன், ப்ளூ மவுன்டன்ஸ்ல அஞ்சு நாளும் பனி. சாண்ட்லர் பக்கத்துல ஒரு ஆர்வி ஸ்டோரேஜ்ல மாசம் 85 டாலருக்கு ட்ரெய்லர விட்டுட்டோம், வெறும் ட்ரக்ல ஐ-5 வழியா மூணு நாள்ல வீடு வந்தாச்சு. ஏப்ரல் ஸ்பிரிங் பிரேக்ல போயி எடுத்துட்டு வந்தேன். ஸ்டோரேஜ்ல விடுறதா இருந்தா பேட்டரியக் கழட்டி எடுத்துட்டு வாங்க, டயருக்கு வெயில் படாம கவர் போடுங்க, ஃப்ரிட்ஜ் கதவ துணி சொருகி திறந்து வைங்க. நான் மறந்தது அந்த ஃப்ரிட்ஜ்தான், உள்ள அர டப்பா இட்லி மாவு வேற இருந்துச்சு.